ஜீன்ஸ் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

(இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)

"மலருக்கு எதைப் பற்றி எழுதப் போறே?" என்று கேட்டார்கள். "ஜீன்ஸ் பேன்ட்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மற்றவர்கள் சூரிய சக்தி, சாலைப் பாதுகாப்பு என்று எழுதும்போது இவன் மட்டும் பேன்ட்டைப் பற்றி எழுதுகிறானே என்று! சிரியுங்கள் நண்பர்களே, தப்பில்லை. ஆனால் நம் ஹாஸ்டல் கொடியில் காய்கிற துணியில் பாதி ஜீன்ஸ்தானே? அதை வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கினீர்கள் என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வீர்கள்? நான் பதில் சொல்ல முடியாமல் நின்றவன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட் அறிவித்த உடனே வீட்டில் ஜீன்ஸ் கேட்டேன். எனக்குச் சொந்த ஊர் குரங்கணி. போடிநாயக்கனூரிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ரோடு முடிகிற இடம். அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. அம்மா காலை பஸ் ஏறி போடிக்கு வந்து ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவர். அம்மா 900 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அது எந்தச் செலவுக்கு வைத்திருந்த பணம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். இடுப்புக்குப் பின்னால் இருந்த தோல் பட்டையில் என்ன பேர் எழுதியிருக்கு என்று மட்டும்தான் பார்த்தேன். "தம்பி, இது 14 அவுன்ஸ், ஹெவி க்ளாத், ஆயுசுக்கும் உழைக்கும்" என்றார் கடைக்காரர். அவுன்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, இருந்தாலும் தலையை ஆட்டினேன். என் உயரத்துக்குக் கால் நீளமாக இருந்ததால் டெய்லரிடம் கொடுத்து 5 அங்குலம் வெட்டி மடித்துத் தைத்துக்கொண்டேன். விசிட்டுக்குப் போய்விட்டு வந்து முதல் துவைப்பு. வாளித் தண்ணீர் இங்க் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. கூடவே ஊறப்போட்ட வெள்ளைச் சட்டை வானநீலம். காய்ந்த பிறகு போட்டுப் பார்த்தால் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது!

அம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. "ஏண்டா, கையில எடுத்துப் பாக்காமயா வாங்குன?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி ஏன் உறைத்தது என்றால், அம்மாவின் வேலையே கையில் எடுத்துப் பார்ப்பதுதான். 8 எம்.எம். காய் எது, 7 எம்.எம். எது என்று சல்லடைக்குப் போகும் முன்பே அவர் விரல் சொல்லிவிடும். வெடித்த காய், உள்ளே விதை இல்லாத பொக்குக் காய் தனியாகப் போகும். பச்சை நிறம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் ஈரத்துணியில் தேய்த்துப் பார்ப்பார், சாயம் ஏற்றியதா என்று. மூட்டை மேல் என்ன முத்திரை இருக்கிறது என்று பார்த்து யாரும் காயை மதிப்பதில்லை. அப்படிப்பட்டவரின் மகன் தோல் பட்டையைப் படித்துவிட்டு 900 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தான்.

டெய்லர் வெட்டிக் கொடுத்த 5 அங்குலத் துண்டு இரண்டும் என் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. துவைக்காத துணி. அதை வைத்து ஒரு ஆராய்ச்சியே செய்தேன்.

முதலில் அவுன்ஸ். ஒரு சதுர கஜம் துணியின் எடை எத்தனை அவுன்ஸோ, அதுதான் கணக்கு. நமக்கு மெட்ரிக்கில் வேண்டுமென்றால் 1 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 34 கிராம். துண்டிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, கெமிஸ்ட்ரி லேப் தராசில் வைத்தேன். லேப் அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். 3.1 கிராம் காட்டியது. நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 310 கிராம். 34-ஆல் வகுத்தால் 9 அவுன்ஸ் சொச்சம். 14 எங்கே, 9 எங்கே! 9 அவுன்ஸ் மோசமான துணி என்று சொல்லவில்லை. போடி வெயிலுக்கு 9, 10 அவுன்ஸ்தான் சுகம். 14 அவுன்ஸைப் போட்டுக்கொண்டு மே மாதம் தேனி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், தெரியும். ஆனால் 9-ஐ 14 என்று சொல்லி விற்றதுதான் கோபம்.

அடுத்தது சுருக்கம். இன்னொரு துண்டில் பால்பாயின்ட் பேனாவால் நீளவாக்கில் 10 சென்டிமீட்டருக்குக் கோடு போட்டு, வெந்நீரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு அளந்தேன். 9.4. அதாவது 6 சதவீதம். 38 அங்குலப் பேன்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 2.28 அங்குலம். என் கணுக்கால் சொன்ன அதே கணக்கு! பாவு நூலைத் தறியில் இழுத்துப் பிடித்துத்தான் நெய்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அந்த இழுவிசை விட்டுப்போய் நூல் தன் இயல்புக்குத் திரும்புகிறது. நல்ல ஆலைகள் துணியை ஈரம், சூடு, ரப்பர் பெல்ட் வைத்து முன்கூட்டியே சுருக்கி அனுப்பும். சான்ஃபோர்ட் க்ளூயட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை, அவர் பேரிலேயே ‘சான்ஃபரைஸ்’ என்று சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும், வாங்கியதும் கால் வெட்டக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை துவைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். இந்த ஒரு வரி எனக்கு முன்னாடியே தெரிந்திருந்தால் போதும்.

சாயத்துக்கு வருவோம். இது கெமிஸ்ட்ரி பாடத்தை விட சுவாரசியம். ஜீன்ஸின் நீலம் இண்டிகோ, நம் ஊர் அவுரிச் செடியில் இருக்கிற அதே நீலம். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி 1897-ல் அதை ஆலையில் செய்து விற்க ஆரம்பித்ததும் அவுரி விவசாயம் படுத்துவிட்டது. இந்த இண்டிகோ தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டும் சேர்த்து ஒடுக்கம் செய்தால் மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைந்துவிடும். நூலை அதில் முக்கிக் காற்றில் எடுத்தால் ஆக்ஸிஜன் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். மறுபடி முக்கு, மறுபடி காற்று. இப்படிப் பல தடவை முக்கியும் சாயம் நூலின் வெளிவளையத்தில்தான் ஒட்டும். நடுவில் வெள்ளை. தேயத் தேய அந்த வெள்ளை எட்டிப் பார்ப்பதுதான் ஜீன்ஸ் வெளுப்பது. ஆக, வெளுப்பது குறை இல்லை, அதன் குணமே அது.

நீங்களே பார்க்கலாம். வெட்டுத்துண்டின் ஓரத்தில் ஒரு நீல நூலை உருவி முறுக்கைப் பிரியுங்கள், நடுவில் வெள்ளை தெரியும். குறுக்கே போகும் ஊடை நூல் முழு வெள்ளை. அதனால்தான் ஜீன்ஸின் உள்பக்கம் வெளிறி இருக்கிறது. மூன்று பாவுக்கு அடியில் ஒரு ஊடை என்று நெய்வதால் சாய்கோடு விழுகிறது. ட்வில் நெசவு. பாவு ஊடை இரண்டுமே நீலமாக இருந்தால் நெய்த பிறகு மொத்தமாகச் சாயம் போட்ட துணி என்று அர்த்தம். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கர்ச்சீப்பை ஈரமாக்கிப் பேன்ட்டின் உள்பக்கத் தையலில் பத்து தேய் தேயுங்கள். லேசாக நீலம் வந்தால் சரி. கர்ச்சீப்பே நீலமானால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அம்மா ஏலக்காய்க்குச் செய்கிற அதே சோதனைதான்.

புதுசாக வாங்கும்போதே தொடையில் வெளுத்திருக்கிறதே, அது? பியூமிஸ் என்ற எரிமலைக் கல்லோடு போட்டு மெஷினில் உருட்டுவார்கள், இல்லையென்றால் என்ஸைம் போட்டுத் துவைப்பார்கள். மணலை வேகமாக அடித்து வெளுக்கவைக்கும் முறையும் இருந்தது. அந்தத் தூசியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து பலர் இறந்த பிறகு, துருக்கி 2009-ல் அந்த முறைக்குத் தடை போட்டது. என்னைக் கேட்டால், வெளுக்காத பேன்ட்டை வாங்கி நம் முழங்காலே அதை வெளுக்கட்டும் என்பேன்.

வரலாற்றை ரெண்டு வரியில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற டெய்லர், உழைப்பாளிகளின் பாக்கெட் மூலை கிழிகிறதே என்று அங்கே செம்பு ரிவெட் அடித்தார். துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20-ல் பேடன்ட் வாங்கினார். முன்பக்கப் பாக்கெட்டுக்குள் இருக்கும் குட்டிப் பாக்கெட் அந்தக் காலத்துக் கைக்கடிகாரம் அல்ல, சங்கிலிக் கடிகாரம் வைக்க! ‘டங்கரி’ என்கிற பேர் மும்பை டோங்ரியில் விற்ற முரட்டுத் துணியிலிருந்து வந்தது. வேலைக்காரன் உடுப்பாகப் பிறந்த ஜீன்ஸை இன்றைக்கு வொர்க்‌ஷாப்புக்குள் விடமாட்டேன் என்கிறார்கள், காக்கிதான். இது எனக்கு ஒரு வேடிக்கை.

வொர்க்‌ஷாப் என்றதும் இன்னொன்று. லேபிளில் பருத்தி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 98 பருத்தி, 2 எலாஸ்டேன் என்றால் இழுவை கொடுக்கும், உட்கார எழ வசதி. ஆனால் சூடான இஸ்திரி ஆகாது. பாலியெஸ்டர் அதிகம் கலந்திருந்தால் வெல்டிங் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி கருகும், ஒட்டாது. சந்தேகமென்றால் நாலு நூலை இடுக்கியில் பிடித்து, வெட்டவெளியில், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு எரித்துப் பாருங்கள். காகித வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. நுனியில் கெட்டியான மணி உருண்டால் பாலியெஸ்டர். நெருப்பு என்று எழுதும்போது எங்கள் ஊர்க்காரனுக்கு 2018 மார்ச் 11 ஞாபகம் வராமல் இருக்காது. மலையில் அன்று பிடித்த தீயைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனசு இல்லை.

ஆனால் மலைக்கு ஜீன்ஸ் ஆகாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் ஹாஸ்டல் நண்பர்கள் நாலு பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். நாலு பேரும் ஜீன்ஸ். ஓடை வரைக்கும் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. கால் இரண்டிலும் கல் கட்டிய மாதிரி நடந்து வந்தார்கள். ஒருவனுக்குத் தொடை உராய்ந்து இரண்டு நாள் கால் அகட்டி நடை. அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை! எங்கள் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்.

அப்பாவிடமும் ஒரு ஜீன்ஸ் கதை உண்டு. 1995-ல் அகமதாபாத் அரவிந்த் மில் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று விட்டது. தைக்காத டெனிம் துணி, ஜிப், ரிவெட், பட்டன், பின்னால் தைக்கிற பட்டை, எல்லாம் ஒரே பாக்கெட்டில், 195 ரூபாய். டி.வி.யில் அக்‌ஷய் குமார் விளம்பரம். ரெடிமேட் ஜீன்ஸ் வாங்க வசதியில்லாத சின்ன ஊர்க்காரன் உள்ளூர் டெய்லரிடம் தைத்துக்கொள்ளட்டும் என்ற யோசனை. எங்கள் அப்பாவும் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கித் தைத்திருக்கிறார். நாலு மடிப்பு சேருகிற இடத்தில் டெய்லருக்கு ரெண்டு ஊசி உடைந்ததாம், அதற்கும் சேர்த்துக் கூலி வாங்கினாராம்.

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் அந்த யோசனை வந்தது. இந்த வருஷம் மலிந்த நேரம் பார்த்து டெனிம் துணியே வாங்கினேன். மீட்டர் 260 ரூபாய், 58 அங்குல அகலம், 1.40 மீட்டர். டெனிம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்திருந்தேன். 1990-களிலேயே மேட்டுப்பாளையம் பக்கம் கே.ஜி. டெனிம் ஆலை வந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. துணியை இரண்டு தடவை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துவிட்டு டெய்லரிடம் போனேன். உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இண்டிகோவுக்கு அது வேலை செய்யாது. சுருக்கம் போனதுதான் லாபம். 18-ஆம் நம்பர் ஊசி போடுங்கண்ணே, கால் உள்தையலை மடித்து இரட்டைத் தையல் போடுங்கண்ணே, ஜிப்புக்குக் கீழேயும் பாக்கெட் மூலையிலும் கெட்டித் தையல் வேணும்ணே என்று பக்கத்தில் நின்றே சொன்னேன். "நீ என்ன டெய்லரிங் டிப்ளமாவா?" என்றார்.

ரெடிமேட் எடுக்கிறவர்களும் இதே இடங்களைத்தான் பேன்ட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அளவில் 32 என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். உங்களுக்குச் சரியாக இருக்கிற பழைய பேன்ட்டின் இடுப்பு, சீட், தொடை, உள்தையல் நீளத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சீட்டு இன்னும் முக்கியம். நம் வகுப்புத் தோழிகள் ஒரு புகார் சொல்கிறார்கள், பெண்களுக்கான ஜீன்ஸில் பாக்கெட் என்ற பெயரில் இரண்டு விரல்தான் நுழைகிறது, போன் நுழைவதில்லை என்று. அது நியாயமான புகார். தைத்துப் போட்டால் அந்தப் பிரச்சினையும் இல்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். என் பேன்ட்டில் பின்பாக்கெட் ஒரு அங்குலம் கீழே இறங்கிவிட்டது. நண்பர்கள் "போலீஸ் பேன்ட்" என்று பேர் வைத்துவிட்டார்கள். துணி, தையல் கூலி, ஜிப், பட்டன் எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குள் முடிந்தது. பதினோரு துவைப்பு ஆகியும் நீளம் குறையவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அம்மா முதலில் கையைத் தண்ணீரில் நனைத்து உள்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த துண்டுத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதைப் பையாகத் தைத்து இப்போது தூக்குவாளியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.