காருக்கும் பல் உண்டு

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிப்போர் பல்லைப் பார்த்தே வயதைக் கணிப்பர். பல இலட்சம் கொடுத்துப் பழைய ஆடம்பரக் கார் வாங்குவோர் எதைப் பார்ப்பது?

எண் பலகை போதாது. டி.என். 45 திருச்சியையும், டி.என். 48 திருவரங்கத்தையும் குறிக்குமேயன்றி, வண்டியின் வயதைக் குறிக்காது.

பதிவுச் சான்றிதழில் உற்பத்தியான மாதமும் ஆண்டும் ஓரிடத்திலும், பதிவான நாள் வேறோரிடத்திலும் இருக்கும். 2018 டிசம்பரில் உருவான கார் 2019 மார்ச்சில் பதிவாகியிருக்கலாம். அதனை 2019ஆம் ஆண்டுக் கார் என்று விலை பேசினால், ஓராண்டுத் தேய்மானத்தை வாங்குபவரே சுமக்கிறார்.

அடுத்து, சேஸிஸில் பொறித்துள்ள பதினேழு எழுத்தெண்களைச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். பல நிறுவனங்களில் பத்தாவது குறியே ஆண்டைச் சொல்லும்: ஜே என்றால் 2018, கே என்றால் 2019, எல் என்றால் 2020. ஐரோப்பிய நிறுவனங்கள் சில இம்முறையைக் கையாள்வதில்லை; ஆகவே இதனை மட்டும் நம்பலாகாது.

சீட் பெல்ட்டில் தைத்த சீட்டிலும் பெரும்பாலும் உற்பத்திக் காலம் இருக்கும். அது காருக்குப் பிந்தியதாயின், பெல்ட்டை மாற்றிய காரணத்தைக் கேட்க வேண்டும், விபத்து நேர்ந்திருக்கலாம்.

சேஸிஸ் எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பிவிடுவதே நலம். திருட்டு வண்டியாயின் காரும் போகும், பணமும் போகும்.