ஒளிரும் உயிரணுவை எடையிடுதல்

புவியிலுள்ள உயிர்கள் அனைத்தின் உடலிலும் அடங்கிய கரிமம் ஏறத்தாழ 55,000 கோடி டன். அதில் 45,000 கோடி டன் தாவரங்களுக்கு உரியது. கடலில் மிதந்து ஒளிச்சேர்க்கை நிகழ்த்தும் நுண்ணுயிர்களின் பங்கோ 100 கோடி டன் அளவே. ஆயினும், ஆண்டுதோறும் ஒளிச்சேர்க்கையால் உயிர்ப்பொருளாகும் கரிமத்தில் ஏறக்குறையப் பாதி இவற்றின் ஆக்கம். இத்துணைச் சிறு திரளின் எடையில் நேரும் பிழை, புவியின் கரிமக் கணக்கையே பிறழச் செய்யும்.

இவற்றைத் தராசில் இட இயலாது. நீரை வடித்தால் வடிதாளில் இவற்றோடு பிற பாக்டீரியாக்களும் மண்துகளும் இறந்த உயிர்களின் எச்சங்களும் சேர்ந்தே தங்கும். பச்சையத்தைக் கரைத்தெடுத்து அளக்கும் வழி விரைவானது. ஆனால், மங்கிய ஒளியில் வாழும் உயிரணு பச்சையத்தைப் பெருக்கிக்கொள்ளும், வெயிலில் வாழ்வது குறைத்துக்கொள்ளும். உடல் ஒன்றாயிருக்கப் பச்சையம் மட்டும் மாறும். ஆகவே, உயிரணுவை நேரிற் கண்டு அதன் பருமனை அளப்பதே நம்பத்தக்க வழி.

அதற்கு அவ்வுயிர்களே துணை நிற்கின்றன. நீல ஒளி பட்டால் பச்சையம் 680 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிச் செவ்வொளி வீசும். சாயம் ஏற்ற வேண்டியதில்லை. நீலப்பசும் பாக்டீரியாக்கள் சிலவற்றிலுள்ள செந்நிறமி செம்மஞ்சளாய் ஒளிரும். 1979இல் சைனக்கோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் கடலெங்கும் நிறைந்திருப்பதை ஆய்வாளர் அறிந்தது இவ்வொளியைக் கண்டே.

எல்லாம் இத்துணை எளிதில் அகப்படுவதில்லை. ஸ்பெயின் நாட்டின் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்தில் உப்புச் சேற்றின் மேல் நுண்ணுயிர்ப் படலங்கள் பரந்துள்ளன. மேலே பச்சை, அதனடியில் ஊதா, அதற்கும் கீழே கருமை எனச் சில மில்லிமீட்டருக்குள் நிறமடுக்குகள். மேலடுக்கில் மைக்ரோகோலியஸ் என்னும் இழைவடிவ உயிர் பல இழைகளாய் ஒரே உறைக்குள் கற்றையாகக் கிடக்கும். எளிய நுண்ணோக்கியில் இழைமேல் இழை படிந்து எல்லாம் ஒரே மங்கலாய்த் தெரியும். பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒருகுவிய நுண்ணோக்கியைக் கையாண்டனர். மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமை கோரிய கருவியின் வழிவந்தது அது. சீரொளி ஒரு புள்ளியில் குவியும். அப்புள்ளிக்கு மேலும் கீழும் எழும் ஒளியை ஊசித்துளை ஒன்று தடுத்துவிடும். சுவடியை ஏடேடாகப் பிரிப்பதுபோல் சேற்றின் ஒவ்வொரு தளமும் தனிப்படமாகும். படங்களை அடுக்கி, ஒளிரும் நுண்கட்டங்களைக் கணினியில் எண்ணினால் பருமன் கிடைக்கும். உறையில் பச்சையம் இல்லை. எனவே அது கணக்கில் சேராமல் உயிரணு மட்டுமே சேரும். இம்முறையின் தனிச்சிறப்பாக நான் கருதுவது இதனையே.

ஆயினும், ஒளிரும் பகுதி எங்கே முடிகிறது என்னும் எல்லைக்கோட்டை மனிதரே வகுக்க வேண்டும். இரண்டு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையின் பருமன் 4.2 கன மைக்ரோமீட்டர். விட்டத்தை 2.2 எனக் கொண்டால் பருமன் 5.6 ஆகிவிடும். விட்டத்தில் பத்து விழுக்காட்டுப் பிழை பருமனில் முப்பத்து மூன்று விழுக்காடாய்ப் பெருகுகிறது. அன்றியும், ஒருகுவிய நுண்ணோக்கி ஆழத்திசையில் உருவை நீட்டிக் காட்டும். விட்டம் முன்பே தெரிந்த ஒளிர்மணிகளைப் படமெடுத்து, அந்நீட்சியைக் கண்டு திருத்த வேண்டும். மாதிரி கெடாமல் காக்க இடும் மருந்துகளும் உயிரணுவைச் சுருக்கக்கூடும்.

இறுதியில் பருமனைக் கரிமமாக மாற்ற ஓர் எண் வேண்டும். எப்ரோ ஆய்வாளர் கொண்டது கன மைக்ரோமீட்டருக்கு 310 ஃபெம்டோகிராம். ஒரு ஃபெம்டோகிராம் என்பது கிராமில் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. எல்லா உயிர்க்கும் இவ்வெண் பொருந்தாது. டயாட்டம் என்னும் சிலிக்கா ஓட்டுப் பாசியின் உள்ளே நீர்நிறைந்த குமிழ் பெரிதாதலால், அதே பருமனில் கரிமம் குறைவு. பொதுவாகச் சிற்றுயிரணுக்களில் கரிமம் செறிந்தும் பேருயிரணுக்களில் அருகியும் இருக்கும். ஆதலால், எடையை மட்டும் வெளியிடும் ஆய்வுரை குறையுடையது. பருமனும், பெருக்கிய எண்ணும், எல்லைக்கோடு வகுத்த முறையும் உடன் அச்சேற வேண்டும். திருந்திய எண் நாளை கிடைத்தால், சேற்றை மீண்டும் தோண்டாமலே பழைய அளவிலிருந்து புதிய எடையைக் கணிக்கலாம்.