விளையாட்டினுள்ளே கணிதம்

கணிதம் கசக்கும் மருந்து, விளையாட்டு இனிக்கும் தேன். மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுத்தால் பிள்ளை விழுங்கிவிடும் என்னும் எண்ணமே, இன்று இணையத்திற் காணப்படும் கணித விளையாட்டுக்கள் பலவற்றிற்கு அடிப்படையாக இருக்கின்றது. புதிய விளையாட்டொன்றை ஆக்க விரும்பும் ஆசிரியரும் முதலில் இவற்றையே ஆராய்கின்றார். ஆராய்வது நன்றே. ஆயினும், வண்ணங்களையும் இன்னிசையையும் பரிசு நாணயங்களையும் மாத்திரம் கண்டு அவற்றையே தாமும் எடுத்துக்கொள்வாராயின், பாத்திரத்தை இரவல் வாங்கிச் சோற்றை விட்டுவந்தவராவார்.

இத்தகைய விளையாட்டொன்றைச் சற்று உற்றுநோக்குவோம். திரையில் ஒரு மோட்டார் வண்டிப் பந்தயம். எட்டை ஏழாற் பெருக்கினால் எத்தனை என்ற வினாவும், அதன் கீழ் நான்கு விடைகளும் தோன்றுகின்றன. சரியான விடையைத் தொட்டால் வண்டி பாய்கின்றது. தவறானதைத் தொட்டால் ஒரு சத்தம், அவ்வளவே. கெட்டிக்காரப் பிள்ளை கணக்கைச் செய்யாமலே நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பந்தயத்தை வென்றுவிடுகின்றது. பொற்காசுகள் குவிகின்றன, பெற்றோர் மகிழ்கின்றனர். மறுநாள் வகுப்பில் அதே கணக்கு அப்பிள்ளையைத் திகைக்க வைக்கின்றது. குற்றம் பிள்ளையுடையதன்று. பெருக்கலுக்குப் பதிலாக நாடுகளின் தலைநகரங்களை வினவினாலும் அவ்வண்டி அப்படியேதான் ஓடும். கணக்கு அங்கே விளையாட்டின் உறுப்பாக இல்லை. வாயிலில் நின்று சீட்டுக் கேட்கும் காவலனாகவே இருக்கின்றது. பல்லாங்குழி ஆடியவர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். எண்ணாமல் அதை ஆடவே இயலாது.

இவ்வேறுபாட்டின் பயனை இங்கிலாந்தில் ஹாப்குட், ஐன்ஸ்வேர்த் என்னும் இரு ஆராய்ச்சியாளர் சோதித்து, 2011 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய விளையாட்டில் எலும்புக்கூடுகள் எதிர்த்து வருகின்றன. ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண். அவ்வெண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய ஆயுதத்தைத் தெரிந்து வீசினாலன்றி எலும்புக்கூடு வீழாது. பதினைந்தை மூன்றின் ஆயுதம் வெட்டும், இரண்டின் ஆயுதம் வெட்டாது. இதே விளையாட்டின் மற்றொரு வடிவத்தில் மார்பிலிருந்த எண்கள் அகற்றப்பட்டன. வகுத்தற் கணக்குகள் கட்டங்களுக்கிடையே தனி வினாக்களாக வைக்கப்பட்டன. பாடமும் நேரமும் ஒன்றே. எனினும் போரினுள்ளேயே வகுத்தலைக் கண்ட பிள்ளைகள் கூடுதலாகக் கற்றனர். விரும்பியதை ஆடலாம் என்று விட்டபோது, அவ்வடிவத்திலேயே ஏறத்தாழ ஏழு மடங்கு நேரத்தைக் கழித்தனர்.

விளையாட்டைச் சீர்தூக்கும்போது அடுத்துப் பார்க்கவேண்டியது, பிழைவிட்ட பிள்ளைக்கு அது என்ன சொல்கின்றது என்பதாகும். இதற்குச் சிறந்த உதாரணம் மிகப் பழையது. 1970 களில் அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில், பிளேட்டோ என்னும் கணினி வலையமைப்புக்காக, அம்பெறியும் விளையாட்டொன்று ஆக்கப்பட்டது. ஓர் எண்கோட்டில் சில பலூன்கள் நிற்கும். பலூன் நிற்கும் இடத்தைப் பின்னத்தாற் குறிப்பிட்டால் அம்பு அவ்விடத்துக்குப் பறக்கும். குறி தவறினால் அம்பு தவறிய இடத்திலேயே தைத்து நிற்கும். மூன்றிலொன்று என்று நினைத்த இடம் உண்மையில் எங்கே இருக்கின்றது, எவ்வளவு விலகிற்று, அடுத்த முறை கூட்டவேண்டுமா குறைக்கவேண்டுமா என்பதெல்லாம் பிள்ளையின் கண்முன்னே கிடக்கின்றன. சிவப்புப் புள்ளடி ஒன்று இவற்றுள் எதையும் கூறாது.

கடிகாரத்தையும் மறத்தலாகாது. வாய்பாட்டை ஏற்கெனவே அறிந்தவனுக்கு விரைவு ஒரு பயிற்சியாகலாம். பின்னத்தை இப்போதுதான் புரிந்துகொள்ள முயலும் பிள்ளைக்கோ, ஓடும் வினாடிகள் சிந்திக்கும் வழியை அடைத்து, ஊகத்தையே கற்பிக்கின்றன. வேகமாகச் செய்ய முடியாதவன் கணிதம் அறியாதவன் என்று பிள்ளை தன்னைப்பற்றி முடிவுகட்டிவிட்டால், அம்முடிவை மாற்றுவது எளிதன்று.

கணிதத்தை உள்ளே வைத்த விளையாட்டுங்கூடக் குறையற்றதன்று. 2012 இல் நோர்வேயிலிருந்து வெளிவந்த டிராகன்பொக்ஸ், அட்சரகணிதத்தை மிக அழகாக மறைத்து வைத்திருக்கின்றது. திரை இரு பாதி. ஒரு பாதியிலுள்ள பெட்டியைத் தனிமைப்படுத்தவேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு சீட்டை வைத்தால் மறுபக்கத்திலும் அதையே வைக்கும்வரை ஆட்டம் நகராது. சமன்பாட்டின் விதி இதுவே. படிப்படியாக விலங்குப் படங்கள் எழுத்துக்களாகின்றன. ஆனால் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இதனை, சமன்பாடு கற்பிக்கும் ஒரு கணினிப் பயிற்சியுடன் ஒப்பிட்டபோது, விளையாடிய மாணவர் கூடிய மகிழ்ச்சி அடைந்தனர். கூடிய கணக்குகளையும் முடித்தனர். சமன்பாடுகளைத் தீர்க்கும் பரீட்சையிலோ பயிற்சி பெற்றவர்களே முந்தினர். சீட்டை நகர்த்திய விரலுக்கும் சமன்பாட்டை எழுதும் பேனாவுக்கும் இடையே பாலம் போதவில்லை.

ஆகவே ஒரு விளையாட்டிலிருந்து எதையேனும் எடுத்துக்கொள்ள எண்ணுபவர், பிள்ளை அதை ஆடும்போது அருகிருந்து அதன் விரலையும் முகத்தையும் கவனிக்கட்டும். ஆட்டம் முடிந்தபின், அதே கணக்கொன்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முதலாவது வரியை அப்பிள்ளை எப்படித் தொடங்குகின்றது என்று பார்க்கட்டும்.