ஏற்றத்தின் மேல் வீண்பழி

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அலுவலக நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை போயிருக்கிறார். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வேன் முக்கி முனகிக் கடக்க, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறக்கம். குளியல், புளிசோறு, மறுபடி அத்தனை படிகளும் ஏற்றம். ஏறும்போது நாக்குத் தள்ளிவிட்டதாம். அன்றிரவு நல்ல தூக்கம். திங்கட்கிழமை லேசான பிடிப்பு. செவ்வாய்க்கிழமை அலுவலக மாடிப்படியில் ஏறினால் சமாளிக்க முடிகிறது, இறங்கினால்தான் தொடையில் உயிர் போகிறது. ‘ஏற்றத்தில் சேர்ந்த லாக்டிக் அமிலம் இரண்டு நாள் கழித்தா வேலையைக் காட்டும்?’ என்று கேட்கிறார்.

காட்டாது. உழைப்பு நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் லாக்டிக் அமிலம் வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடும். அவர் வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அதன் கணக்கு முடிந்திருக்கும். 1983இல் டிரெட்மில்லில் ஆட்களை ஓடவிட்டு இதைச் சோதித்தார்கள். சமதளத்தில் ஓடியபோது ரத்தத்தில் அமிலம் ஏறியது, பிறகு வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியபோது அமிலம் ஏறவில்லை, வலி வந்தது. விவகாரம் அன்றே முடிந்தது. ஆனாலும் அந்த அமிலத்தை ‘வெளியேற்றித் தரும்’ மசாஜ்களுக்கு இன்றைக்கும் ரசீது போடுகிறார்கள்.

குற்றவாளி இறக்கம்தான். படி இறங்கும்போது கவனித்துப் பாருங்கள். கீழ்ப்படியை நோக்கி நீளும் கால் சும்மாதான் வருகிறது. மேற்படியில் நிற்கும் காலின் முட்டி மெல்ல மடிந்து மொத்த உடம்பையும் இறக்கிவைக்கிறது. முட்டி மடிய மடிய முன்தொடைத் தசை நீள்கிறது. நீளும்போதே இறுக்கிப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. சுருங்கி இழுப்பதுதான் தசையின் பிழைப்பு என்று படித்திருப்போம். நீண்டுகொண்டே இழுக்கும் இந்த வேலை தினுசே வேறு.

பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும் அல்லவா, அதில் தோற்கிற அணியைப் பாருங்கள். தசைக்குள் ஆக்டின்தான் கயிறு; மயோசின் என்ற புரதத்தின் குட்டித் தலைகள் கைகள். ஜெயிக்கிற அணி பிடியை விட்டு விட்டு, கை மாற்றி மாற்றி இழுக்கிறது. ஒவ்வொரு பிடியை விடுவதற்கும் ஏடிபி என்ற கூலியை எண்ணிவைக்க வேண்டும். தோற்கிற அணிக்குச் செலவு குறைவு. குதிகாலை ஊன்றி நிற்கிறது. எதிரணியே அதன் பிடியைப் பிய்த்துவிடுகிறது. அடுத்த நொடியே கைகள் கயிற்றை மறுபடி பற்றுகின்றன. இறங்கும்போது ஏன் மூச்சு வாங்கவில்லை என்பதற்கு இதுவே பதில். இன்னொரு விஷயம்: இழுபடும் பிடி, இழுக்கும் பிடியைவிட வலுவானது. ஆகவே அதே பாரத்துக்குக் குறைவான ஆட்கள் போதும் என்று உடம்பு சிக்கனம் பார்க்கிறது. சில இழைகளை மட்டும் களத்தில் இறக்கி, மொத்த பாரத்தையும் அவற்றின் தலையில் கட்டிவிடுகிறது.

போட்டியைக் கொஞ்சம் பெரிதாக்குவோம். ஒரு தசை இழையில் சார்கோமியர் என்ற அணிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து நிற்கின்றன, மில்லிமீட்டருக்குச் சுமார் 400. எல்லாம் ஒரே பலம் இல்லை. ஓரளவுக்கு மேல் இழுபட்டால் நோஞ்சான் அணிதான் முதலில் நீளும். நீண்டதும் கயிற்றை எட்டும் கைகள் குறையும். கைகள் குறைந்ததால் இன்னும் நோஞ்சானாகி இன்னும் நீளும். பக்கத்து அணிகள் அலுங்காமல் நிற்க, இது மட்டும் கயிறே எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அப்போது டைட்டின் என்ற ஸ்பிரிங் போன்ற புரதம், தடுக்கி விழுகிறவனின் வேட்டியைப் பிடித்து நிறுத்தும் பங்காளியைப் போல அதைத் தாங்குகிறது. தசை தளர்ந்ததும் பெரும்பாலான அணிகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், சில திரும்பாது. (உவமையை இதற்கு மேல் இழுத்தால் அதுவும் அறுந்துவிடும்.) இது 1990இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் மார்கன் முன்வைத்த விளக்கம், எல்லோரும் ஒப்புக்கொண்டதல்ல. எனக்கு என்னவோ இதைவிட அழகான விளக்கம் இன்னும் கண்ணில் படவில்லை.

பிறகு நடப்பது சாதாரண மராமத்து வேலை. சேதமான இழைகளின் உறையில் கசிவு, கால்சியம் உள்ளே புகுதல், வெள்ளணுக்கள் வருகை, வீக்கம், அதனால் நரம்பு நுனிகள் தொட்டாற்சிணுங்கி ஆவது. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால்தான் வலி 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, 72 மணிக்குள் உச்சத்தைத் தொடுகிறது.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: தாமதமாக வரும் இந்த வலியைப் பற்றி 1902இலேயே அமெரிக்காவில் தியோடர் ஹஃப் எழுதிவிட்டார். 1952இல் லண்டனில் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதை எதிர்த்துத் தடுக்க வேண்டும். தடுத்தவர் சிறிய உருவமுள்ள பெண். மிதித்தவர் பெரிய ஆண். ராயல் சொசைட்டி பார்வையாளர்கள் முன் களைத்துப்போனது ஆண். இதற்குமேல் வரலாறு வேண்டாம்.

கொல்லிமலைக்குப் போய்விட்டு முடவாட்டுக்கால் சூப் குடிக்காமல் வருகிறவர்கள் குறைவு. ஆட்டுக்கால் போல ரோமம் படர்ந்திருக்கும் இது, மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட சூப் பிரமாதம்; எனக்கும் பிடிக்கும். ‘மூட்டுவலி, கால்வலி எல்லாம் பறந்துவிடும்’ என்ற பலகையிடம்தான் எனக்கு வழக்கு. இந்த வலி எதையும் குடிக்காவிட்டாலும் நாலைந்து நாளில் போய்விடும். மூன்றாம் நாள் எதைக் குடித்தீர்களோ அதற்குப் பெயர் கிடைக்கும். நடைக்கு முன்னும் பின்னும் தசையை நீட்டி மடக்கும் பயிற்சிகளின் கதியும் ஏறக்குறைய இதுதான்: சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 100 புள்ளி அளவுகோலில் சில புள்ளிகளே வலி குறைந்திருந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் சூப்பையும் இந்தக் கட்டுரையையும் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். அது வேறு சமாச்சாரம்.

வேலை செய்யும் மருந்து ஒன்று உண்டு: மறுபடி இறங்குவது. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த பல வாரங்களுக்கு அதே இறக்கத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. 1994இல் மார்கனும் சக ஆய்வாளர் ஒருவரும் எலிகளைப் பழக்கினார்கள், சிலவற்றை ஏற்றத்தில், சிலவற்றை இறக்கத்தில். இறங்கி ஓடிய எலிகளின் தொடை இழைகளில் கூடுதல் சார்கோமியர்கள் முளைத்திருந்தன. அணிகள் கூடினால் ஒவ்வொன்றும் நீள வேண்டிய தூரம் குறையும், நோஞ்சானும் தப்பிக்கும். சோளக்காட்டுச் சந்தைக்குத் தலைச்சுமையோடு சரிவுகளில் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு நம் வாசகரின் செவ்வாய்க்கிழமை கிடையாது.

ஆகவே நாமக்கல் நண்பரே, அடுத்த முறை கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, நாலு மாடிக் கட்டடம் ஏதாவது பாருங்கள். லிஃப்டில் ஏறி, படியில் இறங்குங்கள். மறுபடி லிஃப்டில் ஏறி, படியில் இறங்குங்கள். வாட்ச்மேன் கேட்டால் எலிக் கதையைச் சொல்லுங்கள்.