மனைவியர் சுமந்து வந்த பொருள்: நெக்கர் பள்ளத்தாக்கின் கோட்டைகள்

ஜேர்மனியின் தென்மேற்கில் நெக்கர் என்றொரு நதி ஓடுகிறது. நீளம் சுமார் 360 கிலோமீற்றர். மன்ஹைம் நகரில் அது ரைன் நதியுடன் கலக்கிறது. அந்த இடத்துக்குச் சற்று முன்னதாக, ஹைல்புரோன் நகருக்கும் ஹைடல்பேர்க் நகருக்கும் இடையே, இருபுறமும் காடடர்ந்த குன்றுகள் நெருங்கி வருகின்றன. நதி வளைந்து வளைந்து செல்ல, வளைவுக்கு ஒன்றாகக் கோட்டைகள் தென்படுகின்றன. சில முழுமையாக நிற்கின்றன. பல இடிந்து கிடக்கின்றன. இவற்றைக் காண வருவோருக்காக 1954 ஆம் ஆண்டிலேயே 'கோட்டைகள் சாலை' என்ற பெயரில் மன்ஹைமிலிருந்து ஒரு சுற்றுலாப் பாதையை வகுத்துவிட்டார்கள்.

ஒரு சிறு பள்ளத்தாக்கில் இத்தனை கோட்டைகள் ஏன் என்று கேட்கத் தோன்றும். அக்காலத்தில் நதியே பெருந்தெரு. படகில் சரக்குப் போனால் சுங்கம் வாங்கலாம். ஆகவே ஒவ்வொரு பிரபுவும் தன் பங்குக்கு ஒரு குன்றைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் பெருகிக் குடும்பம் கிளைவிட்டபோது கோட்டைகளும் கூடின. நெக்கர்ஸ்டைனாக் என்ற சிற்றூர் ஒன்றின் மேலேயே நான்கு கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டில் இன்றும் குடியிருக்கிறார்கள். மற்ற இரண்டும் இடிபாடுகள். பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை ஊரார் 'தகைவிலான் குருவிக் கூடு' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

கோட்டை என்றதும் பட்டுத் திரையும் பளிங்குத் தரையும் நம் மனத்தில் வந்து நிற்கும். உண்மை அதுவல்ல. தடித்த கற்சுவர்கள், ஒடுங்கிய ஜன்னல்கள், மாரிகாலம் முழுவதும் குளிர். நெருப்பு மூட்டிச் சூடாக்கக்கூடிய அறை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும், சோறு சமைத்ததும், பிரசவம் பார்த்ததும் இப்படிப்பட்ட இடத்தில்தான் என்பதை இடிந்த சமையற்கட்டையும் கரிபிடித்த புகைபோக்கியையும் காணும்போதுதான் ஒரு பெண்ணால் உணர முடியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கஷ்டம் தண்ணீர். நதி கீழே கண்ணெதிரில் ஓடும். மேலே குடிக்க நீர் இராது. டில்ஸ்பேர்க் என்ற மலைக்கோட்டை ஊரில் பாறையைக் குடைந்து 40 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிணறு தோண்டியிருக்கிறார்கள். மலைச்சரிவிலிருந்து அக்கிணற்றுக்கு ஒரு சுரங்கப் பாதையும் செல்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880 இல் வெளியிட்ட தமது பயணநூலில் இவ்வூரைப் பற்றியும், முற்றுகைக் காலத்தில் உணவு கொண்டுவர உதவிய இரகசியப் பாதை பற்றிய ஊர்க்கதையையும் எழுதினார். அதைப் படித்த ஒருவரின் ஆர்வத்தால் 1926 இல் சுரங்கம் துப்புரவாக்கப்பட்டது. இன்று அதனுள் நடந்து சென்று கிணற்றின் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

நதியின் மேல்நோக்கிப் போனால் ஹோர்ன்பேர்க் கோட்டை வரும். போரில் கையொன்றை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்டு மீண்டும் போருக்குப் போன கோட்ஸ் என்ற பிரபு 1562 இல் இறக்கும்வரை வாழ்ந்த இடம் இது. சற்று அப்பால் குட்டன்பேர்க். ஒருபோதும் அழிக்கப்படாத அபூர்வக் கோட்டை. ஒரே குடும்பத்தார் 1449 முதல் அதை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கு கழுகுகள் பறக்கவிடப்படுவதைப் பார்க்கலாம். எனக்கு அதைவிட விசேஷமாகத் தோன்றுவது அங்குள்ள மரநூலகம். ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு மரத்தால் செய்த பெட்டி. திறந்தால் உள்ளே அந்த மரத்தின் இலையும் விதையும் இருக்கும்.

அடுத்தது விம்ப்ஃபன் நகரம். ஸ்டவ்ஃபர் வம்சத்துச் சக்கரவர்த்திகளின் மாளிகை இங்கிருந்தது. நதியைப் பார்த்து நிற்கும் தூண் வரிசையும் கோபுரங்களும் மிஞ்சியுள்ளன. நம் வாசகியருக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி உண்டு. சுல்தான் அல்-காமிலோடு போர் புரியாமல் 1229 இல் உடன்படிக்கை செய்து பைத்துல் முகத்தஸைப் பெற்றாரே, அந்த இரண்டாம் பிரெடரிக் இதே வம்சத்தவர். தமக்கு எதிராகக் கிளம்பிய மகனை அடக்க அவர் 1235 இல் இத்தாலியிலிருந்து ஜேர்மனிக்கு வந்தார். ஒட்டகங்களும் சிறுத்தைகளும் முஸ்லிம் பணியாளர்களும் அவருடைய பரிவாரத்தில் இருந்ததாக அக்கால வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. மகன் விம்ப்ஃபனில் சரணடைந்தான். மன்னிப்புக் கிடைக்கவில்லை, சிறையிலேயே அவன் காலம் முடிந்தது.

பெண்களின் பெயரால் ஒரு குன்று

நெக்கரில் வந்து சேரும் ஸூல்ம் என்ற சிற்றாற்றின் ஓரமாக, ஹைல்புரோனுக்குச் சற்றுக் கிழக்கே, வைன்ஸ்பேர்க் என்ற ஊர் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அதன் குன்றின் உச்சியில் ஓர் இடிந்த கோட்டை. பெயர் வைபர்ட்ரொய். 'பெண்களின் விசுவாசம்' என்று பொருள். ஆண்கள் கட்டி, ஆண்கள் சண்டையிட்டு அழித்த ஒரு கோட்டைக்குப் பெண்களின் பெயர் வந்த கதை இதுதான்.

1140 ஆம் ஆண்டு மன்னர் மூன்றாம் கொன்ராட் இக்கோட்டையை முற்றுகையிட்டார். உதவிக்கு வந்த படையும் டிசம்பரில் தோற்றது. உள்ளே இருந்த ஆண்களுக்கு இனி மரணம்தான் என்ற நிலை. பெண்கள் மட்டும் போகலாம், தத்தம் தோளில் சுமக்க முடிந்ததை எடுத்துச் செல்லலாம் என்று மன்னர் அனுமதித்தார். கதவு திறந்தது. பண்டபாத்திரங்களையும் நகைநட்டுகளையும் உள்ளேயே விட்டுவிட்டு, ஒவ்வொருத்தியும் தன் கணவனை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்தாள். மன்னரின் சகோதரர் இதை ஏமாற்று என்று ஆட்சேபித்தார். அரசன் கொடுத்த வாக்கை மாற்றுவது முறையல்ல என்று சொல்லிக் கொன்ராட் அவர்களைப் போகவிட்டார். (இதே கொன்ராட் பின்னர் இரண்டாம் சிலுவை யுத்தத்துக்குப் படை நடத்தி, 1148 இல் டமஸ்கஸை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியவர்.)

சம்பவம் நடந்து சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் கொலோன் நகரில் எழுதப்பட்ட வரலாற்று நூலில்தான் இது முதலில் காணப்படுகிறது. ஆகவே அப்படியே நடந்ததா என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நடந்திருக்கலாம் என்பதே என் எண்ணம். உடைமைகளை விட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றும் யோசனை, அந்நிலையில் நிற்கும் பெண்களுக்குத் தோன்றக்கூடியதுதானே?

ஆனால் அதே ஊரில் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சுற்றுலாப் பிரசுரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1525 இல் வரிச்சுமையும் அடிமைத்தனமும் தாங்காமல் ஜேர்மனியின் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேலே சொன்ன இரும்புக் கைப் பிரபு கோட்ஸ்கூடச் சில வாரங்கள் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். வற்புறுத்தலால்தான் என்று பின்னர் சொன்னார். அவ்வருடம் ஏப்ரல் 16 ஆம் திகதி விவசாயிகள் வைன்ஸ்பேர்க்கைக் கைப்பற்றிக் கோட்டைக்குத் தீ வைத்தார்கள். ஊரை ஆண்ட ஹெல்ஃபன்ஸ்டைன் பிரபு பிடிபட்டார். சக்கரவர்த்தி மக்சிமிலியனின் மகளான அவருடைய மனைவி மார்கரெட், கைக்குழந்தையோடு விழுந்து கணவரின் உயிருக்காக மன்றாடினாள். பயனில்லை. ஈட்டிகள் இருபுறமும் நீட்டிய வரிசையினூடே ஓடவிட்டு அவரைக் கொன்றார்கள். அவளையும் குழந்தையையும் எருவண்டியில் ஏற்றி ஹைல்புரோனுக்கு அனுப்பினார்கள். ஐந்து வாரத்தில் பிரபுக்களின் படை வந்து பழிதீர்த்தது. ஊர் முழுவதும் எரிக்கப்பட்டது. அந்த வீடுகளில் இருந்த ஏழைப் பெண்கள் எதைச் சுமந்துகொண்டு ஓடினார்களோ, அதை எழுதிவைக்க எவரும் இருக்கவில்லை.

அதன் பிறகு கோட்டை கற்சுரங்கம் போலானது. வேண்டியவர்கள் கல்லைப் பெயர்த்துச் சென்றார்கள். 1819 இல் இவ்வூருக்கு அரசாங்க வைத்தியராக வந்த கவிஞர் யுஸ்டினுஸ் கெர்னர்தான் அதைத் தடுக்க முனைந்தார். 1820களில் அவர் முயற்சியால் பெண்கள் சங்கமொன்று தோன்றியது. பணத்துக்கு அவர்கள் கண்ட வழி அழகானது. இடிபாட்டின் சிறு கற்துண்டுகளை மோதிரங்களில் பதித்து விற்றார்கள். பாதை வெட்டி, செடி நட்டு, விழவிருந்த சுவர்களுக்கு முட்டுக்கொடுத்தது அந்தப் பணம்தான். கெர்னர் தடித்த கோபுரமொன்றின் சுவர்த் துளைகளில் காற்றுப்பட்டால் ஒலிக்கும் யாழ்களையும் வைத்தார். வந்துபோன பிரமுகர்களின் பெயர்களும் வரிகளும் அக்கோபுரத்தின் கற்களில் வெட்டப்பட்டிருக்கின்றன.

கோட்டையை மீண்டும் புதிதாகக் கட்டி எழுப்ப அவர்கள் நினைக்கவில்லை. இருப்பது விழாமல் பார்த்தார்கள். அச்சங்கத்தின் வழிவந்தவர்களே இன்றும் இடத்தைப் பராமரிக்கிறார்கள். ஜேர்மனியில் உறவினர் இருந்து அவ்வழியே போக நேர்ந்தால், ஹைல்புரோனிலிருந்து உள்ளூர் ரயிலில் வைன்ஸ்பேர்க்கில் இறங்கலாம். திராட்சைத் தோட்டங்களுக்கிடையே ஏறும் பாதை செங்குத்தானது. நல்ல செருப்போடு போங்கள். கோட்டை திறந்திருக்கும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.