செல்போனில் காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுத்தாலே போதும். இதைச் சொல்லித்தர சில ஆண்டுகளுக்கு முன் 12 நிமிட வீடியோ ஒன்று தயாரித்தேன். வரைபடம், பின்னணி இசை, மீத்தேன் விளக்கம் எல்லாம் இருந்தன. டெல்டா கிராமம் ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. வயலில் குழாய் பதித்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்த பருவத்தில், அதே ஊரில் போர்வெல் வைத்திருக்கும் விவசாயி ஒருவரின் வயலிலேயே செல்போனில் படம் எடுத்தோம். 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய். அதில் 20 செ.மீ. வரை சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பகுதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே உள்ள சேற்றை அள்ளிவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் வரை களை வராமலிருக்கத் தண்ணீர் நிற்கட்டும். பிறகு, குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்புக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும், வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். எல்லாவற்றையும் அவரே தன் பேச்சில் சொன்னார். மொத்தம் 4 நிமிடம்.

இந்த முறை குழுவில் அனுப்பவில்லை. மாலையில் கோயில் திண்ணையில் சின்ன புரொஜெக்டரில் போட்டு, நடுநடுவே நிறுத்திப் பேசினோம். பெங்களூருவில் 2006-ல் ஆய்வாகத் தொடங்கிய 'டிஜிட்டல் கிரீன்' காட்டிய வழிதான் இது: படத்தில் உள்ளூர் விவசாயி, படத்துக்குப் பக்கத்தில் விளக்கம் சொல்ல ஓர் ஆள்.

அப்போதுதான் ஓர் அம்மா கேட்டார்: "நாங்க வாய்க்காலை நம்பி இருக்கோம் சார். வயலைக் காயப் போட்டுட்டு, முறைத் தண்ணி வரலைன்னா என்ன பண்றது?"

என் 12 நிமிடத்தில் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. நினைத்தபோது பாய்ச்ச முடிகிறவருக்குத்தான் காயவிடும் துணிச்சல் வரும். போர்வெல்காரருக்கோ மின்சாரம் இலவசம். தண்ணீரை மிச்சம் பிடித்தால் பணம் மிச்சம் என்று அவரிடம் கணக்குக் காட்ட முடியாது. ராத்திரி மோட்டார் போட எழுந்திருக்கும் நாட்கள் குறையும் என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பருவத்தில் மூன்று பேர் குழாய் பதித்தார்கள். மூவரும் போர்வெல் உள்ளவர்கள். அந்த அம்மா பதிக்கவில்லை. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். இப்போது வீடியோவின் முதல் காட்சியே அவருடைய கேள்விதான். வாய்க்கால் முறையை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்று அதிலேயே சொல்லிவிடுகிறோம்.