தட்டணுக்கள்: தேவையான நாளில், தேவையான இடத்தில்

இரத்த வங்கியில் தட்டணுக்களை ஏன் மிகுதியாகச் சேர்த்து வைப்பதில்லை என்று உறவினர்கள் எங்களிடம் வினவுவதுண்டு. சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் 35 முதல் 42 நாட்கள் வரை காக்கலாம். தட்டணுக்களோ 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், இடைவிடாது மெல்ல அசைக்கப்பட்டபடி, பொதுவாக 5 நாட்களே பயன்தரும். நோய்த்தொற்றுப் பரிசோதனைக்கான நேரமும் அதில் அடக்கம். மிகுந்தால் வீணாகும், குறைந்தால் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் காத்திருக்க நேரும்.

இச்சிக்கலை ஆராய மென்பொருள் துணைபுரிகிறது. கொடையாளர் வருகை, கடந்தகாலத் தேவை, இரத்த வகை, மருத்துவமனைகளுக்கு இடையிலான தொலைவு ஆகியவற்றைக் கொண்டு கணினியில் ஒரு மாதிரி வலையமைப்பு உருவாக்கப்படும். இருப்பை எங்கு வைப்பது, எத்தனை பைகள் வைப்பது, வண்டியை எப்போது அனுப்புவது என்பவற்றை மாற்றி மாற்றி, பல நூறு நாட்களைச் சில நிமிடங்களில் ஓட்டிப் பார்க்கலாம். தவறான திட்டம் கணினியிலேயே வெளிப்பட்டுவிடும்; நோயாளி எவருக்கும் இடர் நேராது. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்த விநியோகத்தை இவ்வாறு ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர்.

எனினும், கணக்கு எத்துணைச் சிறந்ததாயினும் கொடையாளரின்றிப் பயனில்லை. எனவே உறவினர்களிடம் நாங்கள் வேண்டுவது இதுவே: எந்நாட்களில் தட்டணுக்கள் தேவைப்படக்கூடும் என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டறியுங்கள். கொடையாளர் பத்துப் பேரையும் ஒரே நாளில் அழைத்து வராமல், இரத்த வங்கி குறிக்கும் நாட்களில் இருவர் மூவராக வரச் செய்யுங்கள். ஒருவர் அளித்த கொடை உரிய காலத்தில் உரியவரைச் சென்றடைய அதுவே வழி.